மாடி வீட்டில் எனக்கு முன் குடியிருந்த தங்கைக்கு

ஆடி பிறப்பதற்குள் இந்த வீட்டைக் காலி செய்கிறோம். நீ கொடுத்த நம்பரை இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள். வேறு வழியில்லாமல்தான் இங்கே எழுதுகிறேன். உன் பெயரையும் தெருவையும் எழுத மாட்டேன். பெயிண்ட் வாளியில் வைத்திருந்த கறிவேப்பிலைச் செடியை எனக்கு விட்டுவிட்டுப் போனாய். உன்னைத்தான் சொல்கிறேன் என்று தெரிய அது போதும்.

"லெட்டர் ஏதாவது வந்தா வெச்சிருங்கக்கா, வந்து வாங்கிக்கறேன்" என்றாய். நானும் சரி என்றேன். என்னவெல்லாம் வரும் என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது.

பேங்க் கவர், பாலிசி நோட்டீஸ் எல்லாவற்றிலும் 'இந்த விலாசத்தில் இல்லை, அனுப்பியவருக்கே திருப்பவும்' என்று எழுதி போஸ்ட்மேனிடமே கொடுத்துவிட்டேன். பிரித்துப் பார்க்கவில்லை. உன் வண்டியின் ஆர்.சி. ஸ்பீட் போஸ்டில் வந்தது. 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் ஆர்.சி.யும் லைசென்சும் தபாலில்தான் வருகின்றன. ஆள் இல்லையென்றால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கே போய்விடும். அங்கே போய்க் கேள்.

அந்த ரெஜிஸ்டர் தபால் வந்த நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அப்போது ரெஜிஸ்டர் தபால் தனியாக இருந்தது, 2025-ல்தான் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்தார்கள். பழுப்புக் கவர், ஓரத்தில் ஊதா மையில் கோர்ட் முத்திரை, பின்னால் ஒட்டிய அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு. வழக்கமாக வருபவர் லீவு. மாற்றாக வந்தவர் கிரில் கதவுக்கு வெளியே நின்று பேனாவை நீட்டினார். நான் அவளில்லை, அவள் காலி செய்துவிட்டாள் என்றேன். "வாங்கலன்னா சொல்லுங்கம்மா, ரெஃப்யூஸ்டுன்னு போட்டுட்டுப் போறேன்" என்று கவரைத் தொடையில் வைத்து எழுதப் போனார்.

என் அப்பா வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். தபால் மேல் போஸ்ட்மேன் கிறுக்குகிற ஒற்றை வார்த்தையில் வழக்கே திரும்பும் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். சரியான விலாசம் எழுதி ரெஜிஸ்டர் தபாலில் போட்டால், மாற்றி நிரூபிக்கும்வரை அது போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 1897-ல் வந்த சட்டம், இன்னும் அதுதான். 'வாங்க மறுத்தார்' என்று திரும்பினால் உனக்கு நோட்டீஸ் சேர்ந்துவிட்டதாக அர்த்தம். நீ வராமலே, உன் பக்கம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு கொடுத்துவிடலாம். 'லெஃப்ட்', அதாவது இடம் மாறிவிட்டார் என்று திரும்பினால் கதை வேறு, உன்னைத் தேட வேண்டிய வேலை அவர்களுடையது.

கிரில்லுக்குள் கையை விட்டுக் கவரைப் பிடித்துக்கொண்டேன். லெஃப்ட் என்று எழுதினால்தான் விடுவேன் என்றேன். கீழ்வீட்டு அம்மா வெளியே வந்தார், எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது. அவர் எரிச்சலோடு எழுதி, கீழே தேதியும் கையெழுத்தும் போட்டார். அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தேன்.

உன் புகுந்த வீட்டார் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் யாருக்கும் எதிரி இல்லை, நீ எங்கே இருக்கிறாய் என்றும் எனக்குத் தெரியாது. உள்ளதைத்தான் எழுதச் சொன்னேன். இதற்குமேல் அவர்களைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

ஆனால் உன்னிடம் எனக்குக் கோபம் உண்டு. சில மாதம் கழித்து கோர்ட் அமீனா வந்து அந்த நோட்டீசை வாசக்கதவில் பசை போட்டு ஒட்டிவிட்டுப் போனார். கடைசியாக இருந்த விலாசத்தில் ஒட்டலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. சட்டத்துக்கு அது உன் கதவு, தெருவுக்கு என் கதவு. மகளோடு படிக்கிற பெண்ணின் அம்மா, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் என்ன பிரச்சினை என்று கோவிலில் வைத்துக் கேட்டாள். ஒவ்வொருவரிடமும் நின்று விளக்கினேன். விளக்க விளக்க உன் கதையை நான் ஊருக்குச் சொல்கிற மாதிரி ஆனது, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர்கள் என்ன நினைத்தார்களோ, அது அப்படியே நிற்கிறது. ஒரு போன் பண்ணியிருக்கலாம் நீ. எனக்காக வேண்டாம், உனக்காகவாவது.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு, வாக்குச்சாவடி அலுவலராக (பி.எல்.ஓ.) இருக்கிற டீச்சர் உன் பெயர் அச்சடித்த படிவத்தோடு வந்தார். உன் கையெழுத்தை நான் போட முடியுமா? இடம் மாறிவிட்டாள் என்றுதான் சொல்ல முடிந்தது. டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் உன் பெயர் இல்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் இதில் நான் வேறென்ன செய்திருக்க முடியும் சொல்? இப்போது இருக்கிற இடத்தில் படிவம் 6 கொடு, சேர்த்துவிடுவார்கள்.

வழக்கு எண்ணைக் கதவில் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். அதை இங்கே போட முடியாது. எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் அடுத்த வாய்தா என்றைக்கு என்று நீயே பார்க்கலாம். தீர்ப்பே ஆகியிருந்தாலும் கதவில் ஒட்டியதோடு எல்லாம் முடிந்துவிடாது. உனக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். நான் எழுதுகிற இந்தக் கடிதமே 'தெரியவந்த நாள்' ஆகிவிடுமோ என்று யோசித்துத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். நீ ஒன்றும் தெரியாமலே இருப்பது அதைவிட மோசம் என்று இப்போது தோன்றுகிறது. படித்த அன்றே ஒரு வக்கீலைப் பார். இலவச சட்ட உதவி மையம் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், பெண்களுக்கு வருமானக் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

அப்புறம், அந்த இன்லேண்ட் லெட்டர்கள். பொங்கலுக்குப் பொங்கல் வருகின்றன. நடுங்கிய கையெழுத்து. உன் பெயருக்குப் பின்னால் 'கண்ணு' என்று சேர்த்து எழுதியிருக்கிறார்கள், விலாசத்திலேயே. அனுப்புநர் இடம் காலி. திருப்பிக் கொடுத்தால், சேர்க்க முடியாத கடிதங்களைப் பார்க்கிற ஆர்.எல்.ஓ. என்கிற தபால் அலுவலகத்துக்குப் போகும். அனுப்பியவர் யார் என்று தெரிந்துகொள்ள அங்கே பிரிப்பார்கள், தெரியாவிட்டால் அழித்துவிடுவார்கள். யாரோ பிரித்துப் படிக்கட்டும் என்று அவற்றை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. மஞ்சள் பையில் போட்டு, பீரோவில் என் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவற்றை மட்டும் புது வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்.

எங்கள் தபாலை மாற்றிவிட போஸ்ட் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீயும் பழைய விலாசம், புது விலாசம் இரண்டையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. அடுத்து இந்த வீட்டுக்கு வருபவர் கவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று நம்பாதே.

கீழ்வீட்டு அம்மாவிடம் என் நம்பர் இருக்கிறது. நேரில் வர முடியாவிட்டால் யாரையாவது அனுப்பு. ஆனால் யார் வருகிறார்கள் என்று முதலில் நீயே உன் குரலில் எனக்குச் சொல்லிவிடு. அப்படிச் சொல்லாமல் யார் வந்து கேட்டாலும் அந்தப் பையைக் கொடுக்க மாட்டேன்.

அக்கா