சைக்கிள் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு நேரத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். வழக்கம்போல் கட்டைவிரலை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், சந்தா பற்றிய பகுதி வரையாவது படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், இங்கிலாந்தின் டார்பியில் இருக்கும் நம் பிரிவு நடத்திய நிகழ்ச்சிகள். பொங்கல் சந்திப்பு நன்றாக நடந்தது. ஏப்ரலில் பஞ்சர் ஒட்டவும் பிரேக் கட்டை மாற்றவும் பயிற்சி வைத்தோம். கோடையில் குடும்பங்களுக்காக, பழைய ரயில் தடமான மான்சல் பாதையில் சவாரி போனோம். பழைய ரயில் சுரங்கங்களுக்குள் குழந்தைகள் கத்தி எதிரொலி கேட்டார்கள், பெரியவர்களும் கேட்டார்கள். தீபாவளிக்குப் பிறகு போவதாக இருந்த சவாரி மழையால் ரத்தானது. செயற்குழு தேவைப்பட்டபோதெல்லாம் கூடியது.

இனி வழி அட்டைகள், அதாவது ஒவ்வொரு சவாரிக்கும் பாதையைக் குறித்து நான் எழுதித் தரும் அட்டைகள். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அட்டை அச்சடிக்க வீண் செலவு என்றும், செயலாளர் போடும் பாதையெல்லாம் மேடுதான் என்றும் பேச்சு அடிபடுவது என் காதுக்கும் எட்டியது.

டார்பியில் குடியிருந்துகொண்டு மேடே கூடாது என்றால் கிழக்கே டிரென்ட் ஆற்றங்கரையோடு போய்த் திரும்ப வேண்டியதுதான். வடமேற்கே திரும்பினால் பீக் டிஸ்ட்ரிக்ட். 1951இல் இந்த நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக ஆன இடம் நம் வாசலில் இருக்கிறது. உயரம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. மிக உயர்ந்த கிண்டர் ஸ்கௌட்டே 636 மீட்டர்தான். ஊட்டிக்காரர் ஒருவர் நம் பிரிவில் இருக்கிறார். இதெல்லாம் ஒரு மலையா என்று கேட்டுக்கொண்டு வந்தவர், மதியத்துக்குள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளினார். அவர்மேல் குற்றமில்லை. நம் ஊர் மலைப்பாதை கொண்டை ஊசி வளைவு போட்டு, வண்டி ஏறும் அளவுக்குச் சரிவைக் குறைத்துக்கொண்டு போகும். இங்குள்ள சின்னச் சாலைகள் பல மோட்டார் வண்டிக்கு முற்பட்டவை. வளைவதற்கெல்லாம் பொறுமையில்லாமல் சுவரோரமாக நேரே ஏறிவிடும். அதிலும் தெற்குப் பாதி பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். டவ், மேனிஃபோல்ட், வை ஆறுகள் அதை ஆழமாக அறுத்துக்கொண்டு போகின்றன. ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி மறுபக்கம் ஏறினாலே 150 மீட்டர் வந்துவிடும். ஒரு நாளில் நான்கைக் கடந்தால், எந்த உச்சிக்கும் போகாமலே கிட்டத்தட்ட கிண்டர் ஸ்கௌட் உயரத்துக்கு மிதித்த கணக்கு.

இதைத் தொலைபேசி சொல்லாது. இந்நாட்டு சர்வே துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:50,000 வரைபடம் சொல்லும். நமக்கு வேண்டியது 119ஆம் தாள். சாலையின் மேல் ஒற்றை அம்புக்குறி இருந்தால் சரிவு 14 முதல் 20 சதவீதம். இரட்டை என்றால் 20க்கும் மேல். அம்பு இறக்கத்தின் பக்கம் பார்த்திருக்கும், ஆக ஏறுகிறவருக்கு முகத்துக்கு எதிரே நிற்கும். ஒவ்வொரு அட்டையிலும் இந்த அம்புகள் எந்த மைலில் வருகின்றன, எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே கழிப்பறை உண்டு, எந்தத் திருப்பத்தில் மாடு தாண்டாமலிருக்கச் சாலைக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருக்கிறார்கள் (நனைந்திருந்தால் நேராகப் போங்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள்) என்று எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுத் தந்திருக்கிறேன். புதிய யோசனை ஒன்றுமில்லை. 1878இல் ஹாரோகேட்டில் தொடங்கிய சைக்கிள் பயணிகள் சங்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆபத்தான இறக்கங்களின் உச்சியில் எச்சரிக்கைப் பலகை நட்டிருக்கிறது. அந்தச் செலவுக்கும் அன்றைய பொதுக்குழுவில் யாராவது முணுமுணுத்திருப்பார்கள்.

ஜூன் மாதச் சவாரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஷ்போர்னில் கிளம்பி டிஸ்ஸிங்டன் பாதையில் வடக்கே ஹார்டிங்டன் நிலையம் வரை. 1899இல் போட்ட ரயில் தடம் இது. 1971இலிருந்து நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் திறந்திருக்கிறது. ரயில் போன தடமானதால் ஏறுவதே தெரியாமல் ஏறிவிடலாம். நிலையத்தின் பழைய சிக்னல் பெட்டிக்கு முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். அங்கிருந்து கிராமத்துக்கு இறங்கி, ஹல்ம் எண்டில் மேனிஃபோல்ட் பாதையைப் பிடித்தோம். 1904இல் தொடங்கி 1934இல் மூடிய குறுகிய ரயில் பாதை அது. தண்டவாளத்தை எடுத்த பின் 1937இலேயே நடைபாதையாக்கிவிட்டார்கள். அதன் பொறியாளர் எவரார்ட் கால்த்ராப், அதற்கு முன் மகாராஷ்டிரத்தில் பார்சி ரயிலைப் போட்டவர். அங்கே போட்ட அதே இரண்டரை அடி அகலத் தண்டவாளம்தான் இங்கும். இதை வெட்டன் மில் தேநீர்க் கடையில் சொன்னேன். கேட்டவர்கள் இருவர், மற்றவர்கள் கேக் எடுக்க வரிசையில் நின்றார்கள். கோடையில் அங்கே ஆறு நிலத்துக்குள் போய்விடும், கீழே ஐலம் ஊரில்தான் திரும்ப வெளியே வரும். பாலத்தில் நின்று பார்த்தால் வெறும் கூழாங்கல். அதையும் சொன்னேன்.

சரி, வம்பு வந்தது வாட்டர்ஹவுசஸில். தடம் அங்கே முடிகிறது. ஆஷ்போர்ன் திரும்ப கால்டன், ப்ளோர் வழியாக மேடேறித்தான் போக வேண்டும். “கடைசிப் பகுதி கடினம், வெட்டன் மில்லில் வயிற்றை நிரப்பிக்கொள்ளவும்” என்று அட்டையில் தடித்த எழுத்தில் இருக்கிறது. நால்வர் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தொலைபேசி காட்டிய குறுக்கு வழியில் போனார்கள். அது குதிரைப் பாதை. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி குதிரைப் பாதையில் சைக்கிள் ஓட்ட உரிமை உண்டு, உண்மைதான். அதற்காக யாரும் அதைச் செப்பனிட்டு வைத்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. மாடு மிதித்த சேறு செயினிலிருந்து மட்கார்டு வரை அப்பி, சக்கரம் சுற்றாமல், தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் ஆஷ்போர்ன் கார் நிறுத்தத்தில் இருட்டும்வரை காத்திருந்தோம். “பாதை சரியில்லை” என்று அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் எழுதியதும் அந்த நால்வரில் ஒருவர்தான். பெயர் சொல்லவில்லை.

பேட்டரி சைக்கிள் வாங்கியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேட்டில் முன்னால் போய்விடுவது உங்கள் உரிமை. ஆனால் மேலே தேநீர்க் கடையில் கடைசிச் சமோசாவை, மன்னிக்கவும், கடைசி ஸ்கோனைப் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுவையுங்கள்.

கணக்கு விஷயம். வரவு ஓரளவு வந்தது, செலவு அதைச் சற்றுத் தாண்டியது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. பம்பு, டியூப், காப்பீடு, அச்சு ஆகியவை முக்கியச் செலவுகள்; அச்சு எல்லோரும் நினைக்கும் அளவுக்கு இல்லை. ரசீதுகள் பொருளாளரிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வரவு ஏன் குறைந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் பட்டியலில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த ஆண்டுச் சந்தா தரவில்லை. சிலருக்கு முந்தைய ஆண்டின் பாக்கியும் இருக்கிறது. கேட்டால் “அடுத்த சவாரியில் பார்க்கலாம் அண்ணா” என்பார்கள், அடுத்த சவாரிக்கு வர மாட்டார்கள். வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு “குழந்தைக்குச் சளி” என்று செய்தி அனுப்புகிறவர்களும் உண்டு. குழந்தைகளின் உடல்நலத்தில் எனக்கும் அக்கறை உண்டு. ஆனால் கிராம்ஃபோர்ட் போகும் ரயிலில் ஒரு வண்டிக்கு இரண்டு மூன்று சைக்கிளுக்கு மேல் ஏற்ற முடியாது. பெயர் கொடுத்தவர்களை நம்பி மற்றவர்களை அடுத்தடுத்த வண்டிக்குப் பிரித்து அனுப்புவது எவ்வளவு சிரமம் என்று நிலைய நடைமேடையில் ஒருமுறை என்னோடு நின்று பார்த்தால் தெரியும்.

நன்றிகள்: தலைவருக்கும், பொருளாளருக்கும், தணிக்கை பார்த்தவருக்கும், ஒவ்வொரு சவாரிக்கும் புளிசாதம் கட்டிக் கொடுத்த அக்காமார்களுக்கும், கூட்டத்துக்கு அறை தந்தவர்களுக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அடுத்த ஆண்டு. மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல் வரை போகும் பாதையைச் செயற்குழு முன் வைத்திருக்கிறேன். வைட்ஹேவனில் பின்சக்கரத்தை ஐரிஷ் கடலில் நனைத்துக் கிளம்பி, டைன்மவுத்தில் முன்சக்கரத்தை வடகடலில் நனைத்து முடிப்பது. 1994இல் திறந்த பாதை, சுமார் 140 மைல். நடுவில் ஹார்ட்சைட் ஏற்றத்தின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 580 மீட்டர். பெரும்பாலும் மேற்குக் காற்றுதான் அடிக்கும் என்பதால், அந்தத் திசையில் போனால் காற்றாவது நம் பக்கம் இருக்கும். தங்குமிடத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். பிரிவின் கையிருப்பிலிருந்து கட்ட முடியாது, ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

இதற்கான அட்டைகளை எழுத ஆரம்பித்துவிட்டேன். அப்புறம், செயலாளர் பதவிக்கு இன்று தேர்தல் இருக்கிறது. வேறு யாராவது முன்வந்தால் வரைபடப் பையை மகிழ்ச்சியோடு ஒப்படைக்கத் தயார். பிளாஸ்டிக் உறைகளும் ஒரு கட்டு மீதி இருக்கின்றன. யாரும் முன்வராவிட்டால், உறுப்பினர்கள் வற்புறுத்தும் பட்சத்தில், யோசிக்கிறேன். பயணத்துக்கு வர நினைப்பவர்கள் மார்ச் கடைசிக்குள் பெயரையும் முன்பணத்தையும் சேர்த்தே கொடுக்கவும். சந்தா பாக்கி உள்ளவர்கள் தேநீர் குடிக்கப் போகும் வழியில், கதவருகே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்