எங்கே தங்கும், எப்போது வெளியேறும்? மருந்து ஒப்புதல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். உலோக நானோ துகள்களோடு ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இவற்றால் புண் ஆறும், புற்றுக்கட்டி சுருங்கும் என்று நம்பித்தான் இந்தத் துறைக்கு வந்தேன். அந்த நம்பிக்கை இன்றும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவருகிறேன்: உடம்புக்குள் போன துகள் எங்கே தங்கும், எப்போது வெளியேறும்?

15 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தங்கத் துகள்கள் மிதக்கும் நீர், கண்ணாடிக் குப்பியில் மாணிக்கச் சிவப்பாக இருக்கும். அதில் உப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதாவாகி, நீலமாகிவிடும். தங்கம் என்னவோ அதே தங்கம்தான். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, அவ்வளவே. இரத்தத்திலோ உப்பும் உண்டு, புரதங்களும் உண்டு. நரம்பில் ஏற்றியவுடனேயே புரதங்கள் துகளின் மேல் படிந்து உறை போட்டுவிடுகின்றன. உடல் எதிர்கொள்வது அந்த உறை போர்த்திய துகளைத்தான். குப்பியில் நாங்கள் அளந்து கொடுத்ததை அல்ல.

ஆகவே 'தங்கம் தீங்கற்றது', 'வெள்ளி கிருமியைக் கொல்லும்' என்று உலோகத்தின் பெயரை மட்டும் முன்னிறுத்தும் விண்ணப்பத்தை ஏற்காதீர்கள். 1.4 நானோமீட்டர் தங்கத் துகள் கொன்ற அதே வகைச் செல்களை, பல மடங்கு செறிவிலும் 15 நானோமீட்டர் துகள் ஒன்றும் செய்யவில்லை என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தங்க நானோ தண்டுகளில் பல நேரம் நஞ்சாவது தங்கமே அல்ல. அவற்றை வளர்க்கச் சேர்த்த வேதிப்பொருள் சரியாகக் கழுவப்படாமல் மேலே ஒட்டியிருப்பதுதான். வெள்ளியின் கதை வேறு. துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனிதான் கிருமியைக் கொல்கிறது. அளவு மிஞ்சினால் புண்ணில் புதிதாக வளரும் செல்லையும் அதுவே தாக்குகிறது. நானோ வெள்ளிக் கட்டு போட்ட 17 வயது தீக்காய நோயாளி ஒருவருக்குத் தோல் சாம்பல் நிறமானதும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் ஏறியதும், கட்டை நிறுத்தியபின் நிலைமை சீரானதும் 2006இல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளன.

சோதனை முடிவுகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் பெரும்பாலும் சாயத்தின் நிறத்தைத்தான் அளக்கிறோம். உலோகத் துகளும் ஒளியை உறிஞ்சும். ஒருமுறை என் சோதனைத் தட்டில் செல்கள் நன்றாக இருப்பதாகவே கருவி காட்டியது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் உருண்டு, பிரிந்து மிதந்துகொண்டிருந்தன. கருவி கணக்கிட்டது துகளின் நிறத்தையும் சேர்த்து. செல்லே இல்லாமல் துகளை மட்டும் வைத்து எடுத்த அளவீடு இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். 24 மணி நேரச் சோதனையோடு நின்றுவிட்ட அறிக்கையையும்தான்.

24 மணி நேரம் ஏன் போதாது என்பதற்குத் தோரோட்ராஸ்ட் சாட்சி. 1930கள் தொடங்கி 1950கள் வரை எக்ஸ்-கதிர்ப் படத்தில் இரத்தக் குழாய் தெளிவாகத் தெரிவதற்காக அதற்குள் ஏற்றிய தோரியம் டைஆக்சைடு கூழ்மம் (நுண்துகள்கள் கரையாமல் மிதக்கும் நீர்மம்) அது. படம் அருமையாக விழுந்தது, உடனடிப் பாதிப்பும் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் துகள்களைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொண்டன. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துப் பலருக்குக் கல்லீரல் புற்று வந்தது. புற்றுக்குக் காரணம் தோரியத்தின் கதிர்வீச்சு. தங்கத்துக்கு அது கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் துகளைப் பிடித்து வைத்த அந்த வழி இன்றும் அதேதான். சுமார் 6 நானோமீட்டருக்கு மேற்பட்ட கெட்டியான துகளைச் சிறுநீரகம் எளிதில் வடிகட்டி வெளியேற்றாது. பெரும்பகுதி கல்லீரலுக்கே போகும். இரும்பு ஆக்சைடு என்றால் உடல் மெல்லக் கரைத்துத் தன் இரும்புச் சேமிப்பில் சேர்த்துக்கொள்ளும். தங்கத்துக்கு அப்படி ஓர் எளிய வழி இல்லை.

இரும்பிலும் கவனம் தேவை. இரத்தசோகைக்காக 2009இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபெருமாக்சிடால் என்ற இரும்பு ஆக்சைடு நானோ துகள் மருந்துக்கு, உயிர்பறிக்கும் ஒவ்வாமை நேர்ந்ததால் 2015இல் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. வேகமாக ஊசியில் செலுத்தியதை நிறுத்தி, நீர்த்துக் குறைந்தது 15 நிமிடம் மெதுவாக ஏற்றச் சொன்னார்கள். பயன்பாட்டுக்கு வந்தபிறகும் யாரோ கண்காணித்துக்கொண்டே இருந்ததால் கிடைத்த திருத்தம் இது.

அந்தக் கண்காணிப்பைத்தான் கேட்கிறேன். துகளின் அளவும் வடிவமும் மேற்பூச்சும் மருந்தோடு வரும் விவரச் சீட்டில் அச்சாக வேண்டும். கரையாத துகளை ஏற்றிக்கொண்ட ஒவ்வொருவருக்கும் எந்தத் துகள், எவ்வளவு, எந்த நாள் என்ற பதிவு இருக்க வேண்டும். முப்பது ஆண்டு கழித்து ஒரு கல்லீரல் மருத்துவர் அதைத் தேடினால், அவர் கைக்குக் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
நானோ துகள் ஆய்வாளர் ஒருவர்