லயத்துக் கூரையை மாற்றவும் புகைபோக்கி அமைக்கவும் கோரும் மனு

ஜனவரி 2025

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

கிராம உத்தியோகத்தர் ஊடாக

மதிப்புக்குரிய ஐயா,

பொருள்: மேற்பிரிவு இரட்டை லயத்தின் கூரைத் தகடுகளை மாற்றுதலும் அடுப்புகளுக்குப் புகைபோக்கி அமைத்தலும்

நுவரெலியா மாவட்டத்தில் தங்கள் நிர்வாகத்துக்கு உட்பட்ட தோட்டத்தின் மேற்பிரிவில், கோயிலுக்கு மேலுள்ள இரட்டை லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருக்கும் குடும்பங்கள் சார்பில் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் இப்பிரிவின் முன்பள்ளி ஆசிரியை. இதே லயத்தில் பிறந்து இன்றும் இங்கேயே வசிப்பவள்.

கடந்த ஆண்டு மழை தொடங்குமுன் ஒரு மனுவும், தீபாவளிக்கு முன் இன்னொன்றும் தங்கள் காரியாலயத்தில் ஒப்படைத்தோம். முத்திரையிட்ட பிரதிகள் எங்களிடம் உள்ளன. பதில் வரவில்லை. வேலைப்பளுவில் அவை தங்கள் பார்வைக்கு வராமலே போயிருக்கலாம் என எண்ணி மீண்டும் எழுதுகிறோம்.

இடம் தங்களுக்குத் தெரிந்ததுதான். வீதித் திருத்த வேலையைப் பார்வையிட வந்தபோது கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே வாகனத்தை நிறுத்தினீர்கள். அங்கிருந்து அண்ணாந்தால், கூரை முழுவதும் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்த லயம் தெரியும். அதுதான் எங்களுடையது.

1. இது வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். காம்பராக்கள், அதாவது ஓர் அறை வீடுகள், முதுகோடு முதுகு ஒட்டியவை. ஒரு வாசல், ஒரு சிறு ஜன்னல், பின்னால் அடுத்த வீட்டுச் சுவர். தகடுகள் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டன. தார் பூசியும் படங்கு விரித்தும் நாங்களே ஒட்டுப்போட்டு வருகிறோம்.

2. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் ஒழுக்கு. பாத்திரம் வைத்துப் பிடிக்கிறோம். இதைப் பற்றி முந்திய மனுக்களில் விரிவாக எழுதியிருக்கிறோம்.

3. இப்போதைய துன்பம் குளிரும் புகையும். மழை இல்லாத தை மாதத்திலும் எங்கள் கூரை சொட்டுகிறது. இரவில் தகரம் சில்லிட்டுப் போகிறது. உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சும் அடுப்பில் கொதிக்கும் தண்ணீரின் ஆவியும் அதில் பட்டு நீராகி, விடியற்காலையில் கம்பளியின் மேல் விழுகிறது. நனைந்த கம்பளி அடுத்த இரவுக்குள் காய்வதில்லை. வெளியே பனிமூட்டம், உள்ளே அடுப்புக்கு மேல் கட்டிய கொடியில் பள்ளிச் சீருடை, கொழுந்தெடுக்கும்போது உடுத்தும் இரட்டு, குழந்தையின் துணி எல்லாம் ஒன்றாகத் தொங்குகின்றன. சுவரில் ஆள் உயரத்துக்குப் பூஞ்சணம். சுண்ணாம்பு அடித்தால் ஒரு மாதம் மறைந்திருக்கும், பிறகு வந்துவிடும்.

வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு வழிகாட்டலில் கூறியிருக்கிறது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். தை, மாசி இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படிந்து தேயிலைத் தளிர் கருகுவதைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். ஆகவே இரவு முழுவதும் அடுப்பை எரியவிடுகிறோம். எரிப்பது மிலாறு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மாதங்களில் சேர்த்து வைத்த குச்சி விறகு. ஒழுகும் கூரையின் கீழ் அதுவும் ஈரம். ஈர விறகு எரிவதைவிடப் புகைவதே அதிகம். கேஸ் வாங்கலாமே என்று ஓர் உத்தியோகத்தர் சொன்னார். பெரிய சிலிண்டர் 3,500 ரூபாவுக்கு மேல். 2024இல் கூட்டப்பட்ட பிறகும் நாட்சம்பளம் 1,350 ரூபா. மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுப்பார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

கதவைத் திறந்தால் குளிர். மூடினால் புகை. ஒவ்வொரு இரவும் இந்த இரண்டில் எதைப் பிள்ளைக்குக் கொடுப்பது என்று தாய்மார் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இடைச்சுவர் கூரை வரை எழுப்பப்படாததால் அடுத்த வீட்டுப் புகையும் எங்களுக்கே வருகிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அடுப்பை அணைத்தாலும் பயனில்லை.

முன்பள்ளியில் காலையில் பாட்டுக்கு முன் இருமல்தான் கேட்கிறது. சில பிள்ளைகளுக்கு மார்கழியில் தொடங்கும் இழுப்பு பங்குனி வரை விடுவதில்லை. ஒரு சிறுமி, நான்கு வயது, மூச்சு வாங்கும்போது விலாவுக்கடியில் குழி விழுகிறது. நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். ஆவி பிடித்து, மருந்து கொடுத்து, "புகையும் குளிரும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். வைத்தியர் சொல்வது சரிதான். எங்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்வது, ஐயா? திரும்பி வருவது அதே காம்பராவுக்கு. மறுநாள் தாய் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்குப் போக முடியாது, அன்றைய பேர் இல்லை, சம்பளமும் இல்லை. பேர் குறைந்தால் கடையில் மாவும் பருப்பும் குறைகின்றன. வயிறு நிறையாத பிள்ளைக்குக் குளிரும் தாங்காது, நோயும் எளிதில் போகாது. 2016ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17 வீதம், தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். அந்தப் பிள்ளைகள்தான் என் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

4. முதியவர்களும் அப்படியே. என் அம்மா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். குளிரில் இரத்த அழுத்தம் ஏறுகிறது. புகை பட்டுக் கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது. எங்கள் லயத்தில் புகை பிடிக்காத பெண்களுக்கும் புகை பிடிப்பவர்களின் நெஞ்சு நோய் வருகிறது.

5. மலைநாடென்றால் குளிர் இருக்கத்தான் செய்யும் என்று தங்கள் காரியாலயத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டது. ஐயா, இதை மட்டும் எங்களால் பொறுக்க முடியவில்லை. இதே மலையில், இதே காலத்தில் கட்டிய துரை பங்களாவுக்குப் போய்ப் பாருங்கள். குளிர்காய அறைக்குள் கணப்பு இருக்கிறது, கூரைக்கு மேல் கல்லில் எழுப்பிய புகைபோக்கி இருக்கிறது. கட்டியவர்களுக்குக் குளிர் தெரியும். புகை எங்கே போக வேண்டும் என்பதும் தெரியும். லயத்துக்கு மட்டும் அது தேவையில்லை என்று அன்று முடிவு செய்தார்கள். அவர்கள் போய் எத்தனை ஆண்டுகள்! அந்த முடிவை இன்றுவரை ஏன் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்?

6. தோட்டக் காரியாலயம் இது அரசாங்கத்தின் வேலை என்கிறது. பிரதேச சபையில் கேட்டால் தோட்டக் காணி என்கிறார்கள். தோட்டங்களிலும் வேலை செய்யலாம் என்று 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகும் இதே பதில். தங்கள் காரியாலயமோ தனி வீட்டுத் திட்டம் வரும், பொறுத்திருங்கள் என்கிறது. ஏழு பேர்ச் காணியும் வீடும் வரட்டும், மறுக்கவில்லை. என் முன்பள்ளியில் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்போது கொழும்பில் கடைகளில் வேலை செய்கிறார்கள். நாங்கள் இன்று கேட்பது வீடல்ல. தகடு கேட்கிறோம். அடுப்புக்கு மேல் ஒரு குழாய் கேட்கிறோம். இதற்கும் எந்தக் கதவைத் தட்டுவது?

கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். தாங்கள் நல்லவர் என்று வீதி வேலையின்போது எல்லோரும் சொன்னார்கள், அதனால்தான் தங்களுக்கே மீண்டும் எழுதுகிறோம். தயவுசெய்து,

அ) இந்த மாதத்துக்குள் தாங்களோ தங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தரோ நேரில் வந்து பார்க்க வேண்டும். பகலில் வேண்டாம். மாலை ஆறு மணிக்குப் பின், எல்லா அடுப்புகளும் எரியும்போது வாருங்கள்.

ஆ) தகடுகளை மாற்ற வேண்டும். முழு லயத்துக்கும் பணமில்லையென்றால் கைக்குழந்தையும் இழுப்பு நோயாளியும் உள்ள காம்பராக்களிலிருந்து தொடங்குங்கள். பட்டியலை இணைத்துள்ளோம். ஏற்றி இறக்கவும் அடிக்கவும் எங்கள் ஆண்கள் இருக்கிறார்கள். கூலி கேட்க மாட்டோம். தகடு தாருங்கள், ஐயா.

இ) புகைபோக்கி. இதையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கூரை மாற்றும்போதே செய்தால் செலவு குறைவு. புதுத் தகட்டை ஒழுங்காக மூடி அடித்தால் இப்போது ஓட்டை வழியே போகும் கொஞ்சப் புகையும் உள்ளே தங்கிவிடும்.

ஈ) முடியாது என்றால் முடியாது என்றாவது எழுத்தில் தாருங்கள். யாருடைய பொறுப்பு என்று அதில் குறிப்பிட்டால் அங்கே போவோம்.

தயவுசெய்து பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
மேற்பிரிவு இரட்டை லயக் குடியிருப்பாளர்கள் சார்பில்,
முன்பள்ளி ஆசிரியை

இணைப்பு: குடும்பத் தலைவர்களின் கையொப்பங்கள், நோயாளிகள் உள்ள காம்பராக்களின் பட்டியல், முந்திய மனுக்களின் முத்திரையிட்ட பிரதிகள்

பிரதி: சுகாதார வைத்திய அதிகாரி, பிரதேச சபைச் செயலாளர், தோட்ட முகாமையாளர்