எத்தனை பெர்த் போடுவது?

அன்புள்ள பாபுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம். அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டது, மொட்டை மாடியில் காலை ஒன்பது மணிக்கே கால் வைக்க முடியவில்லை. அம்மா வடாம் போட ஆரம்பித்துவிட்டாள். போன வருஷத்தைவிட ஒரு படி அரிசி கூடவே ஊறப் போட்டிருக்கிறாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

போனில் பேசியிருக்கலாம்தான். போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்கிறாய், நானும் "வெச்சிடறேன்" என்கிறேன், மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. போன மாதம் வண்டி விஷயமாக வாட்ஸப்பில் அவ்வளவு பெரிய மெசேஜ் அனுப்பினேன், ஒரு விரலால் தட்டித் தட்டி முக்கால் மணி நேரம். நீ ஒரு கட்டை விரல் படத்தை அனுப்பினாய். அது மோட்டார்ஹோமுக்கா, சின்ன கேரவனுக்கா? அதனால்தான் இந்த ஈமெயில். நிதானமாகப் படி. வண்டி ஓட்டும்போது படிக்காதே.

முதல் விஷயம், மோட்டார்ஹோம். கரூரில் பஸ் பாடி கட்டுகிற ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய டெம்போ டிராவலர் ஒன்று வாங்கிக் கொடுத்தால் சீட்டையெல்லாம் எடுத்துவிட்டு, பின்பக்கம் எங்களுக்கு இரண்டு பெர்த், நடுவில் சாப்பாட்டு மேஜையை மடக்கினால் இரண்டு பேர் படுக்கிற படுக்கை, டிரைவர் தலைக்கு மேலே குழந்தைக்கு ஒரு சின்ன பெர்த், ஆக ஐந்து என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். மனிதர் கெட்டிக்காரர், ஆனால் பெர்த்தைத் தாங்குகிற பிராக்கெட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுபத்திரண்டு பெர்த் ஸ்லீப்பர் பெட்டிகளை ஆயிரக்கணக்கில் பார்த்து அனுப்பினவனிடம் அதைக் காட்டுகிறாரே என்று. நானே வரைந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பேப்பர் வேலை வேறு இருக்கிறது. கம்பெனி செய்து கொடுத்த வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றாமல் ரோட்டில் இறக்கினால் இன்சூரன்ஸும் கைவிட்டுவிடும். மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரமே இருக்கிறது. கரூர்காரர் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றார். பார்த்துக்கொள்ளலாம் என்கிறவனை நம்பாதே என்று நான் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது, சின்ன கேரவன். இஞ்சின் கிடையாது, வெறும் டிரெய்லர். அம்பத்தூர் மாமா தன் பொலேரோவைத் தருகிறேன் என்கிறார், அதன் பின்னால் கோர்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், அவ்வளவுதான். பின்கதவைத் தூக்கினால் அடுப்பு. போன இடத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் காரை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்க் காய்கறி வாங்கி வரலாம். மோட்டார்ஹோமில் அந்த வசதி கிடையாது, ஒரு படி பால் வாங்க வேண்டுமென்றாலும் வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கும்பகோணத்துச் சந்துகளை நினைத்துப் பார்.

ஆனால் டிரெய்லரில் சூட்சுமம் வேறு. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். தண்ணீர் டேங்க், அரிசி மூட்டை எல்லாம் பின்னால் ஏற்றிவிட்டால் வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும், ஆட ஆரம்பித்த வாலை பிரேக் போட்டு நிறுத்தப் பார்த்தால் இன்னும் மோசம். ஓடும்போது உள்ளே யாரும் உட்காரவும் கூடாது, அம்மா முழங்காலை நீட்ட வேண்டுமென்றால் நான் ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. அதை வாலோடு ஏறுவதா என்பது ஒரு கேள்வி.

அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்பாய். "கேரவனா? நான் என்ன ஹீரோயினா, ஷாட் ரெடினு கூப்பிடற வரைக்கும் உள்ளே ஏ.சி.யில உக்காந்திருக்க?" என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் அதே மாதிரிதான், கேரவன் என்றதும் நம் தெருவில் ஷூட்டிங்கா என்று கேட்டார்கள். வில்லிவாக்கத்தில் நம் தெரு உனக்குத் தெரியாததா. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி மூடினதில் பாதி ரோடு மேடு, பாதி பள்ளம். டிராவலரை எங்கே நிறுத்துவேன்? கோலத்தின் மேல் நிறுத்தினால் எதிர்வீட்டு அம்மாள் சும்மா விடுவாளா?

லைசென்ஸைப் பற்றிக் கவலைப்படாதே. கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு டாக்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டது. கார் லைசென்ஸே போதும், மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வரை. இருட்டில் ஓட்ட மாட்டேன். நீயும் ஓட்டாதே. அந்த ஊரில் சாயங்காலமானால் கங்காரு குறுக்கே பாயும் என்று நீதானே சொன்னாய்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு நீ பேசுவது அம்மாவுக்குப் பெரிய ஆறுதல். கேமரா ரிப்பேர் என்றாய், சரி, வேலை அதிகம், கடைக்குப் போய்ச் சரிசெய்ய நேரம் இருக்காது. நிலா தூங்குகிறாள் என்கிறாய். ஐந்து வாரமாகத் தூங்குகிறாள். இங்கே ஒன்பது என்றால் அங்கே மதியம் ஒன்றரை. ஏழு வயசுக் குழந்தைக்கு மதியத் தூக்கம் நல்லதுதான், வளர்கிற வயசு.

வேளைக்குச் சாப்பிடு. சமைக்கிறாயா?

சரி, வண்டிக்கு வருகிறேன். போன வாரம் மாமாவும் நானும் அம்பத்தூரில் ஒரு காலி மனையில் பொலேரோவுக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் இழுக்கிற ஒரு டிரெய்லரைக் கோர்த்து ஓட்டிப் பார்த்தோம். முன்னால் போவது சுலபம். ரிவர்ஸ்தான். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலது பக்கம் போகிறது. கொஞ்சம் கூட ஒடித்தால் பேனாக்கத்தி மாதிரி மடங்கிக்கொள்கிறது. நாலாவது தடவை அம்மா இறங்கிப் பின்னால் நின்றுகொண்டு "வாங்க, வாங்க, இன்னும் வாங்க" என்றாள். அப்புறம் "நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்தினாள் பார், மனை முழுக்கக் கேட்டது. முள்வேலிக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திவிட்டேன்.

நிறுத்திவிட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். மயக்கமா என்று மாமா கேட்டார். வெயில் என்றேன்.

அப்போலோ பே ஞாபகம் வந்துவிட்டது பாபு. 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் தண்ணீர் வீட்டுக்குள்ளிருந்து வடிந்த மறுவாரம் விமானம் ஏறி வந்தோமே. கிரேட் ஓஷன் ரோட்டில் நீ அந்தப் பெரிய வாடகை வண்டியை ஓட்டிக்கொண்டு போனாய், முதல் உலகப் போரிலிருந்து திரும்பின சிப்பாய்கள் வெட்டின ரோடுப்பா என்று சொல்லிக்கொண்டே. என் பிள்ளை ஓட்டுகிறான் என்று எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா, ஆறு பெர்த் வண்டி, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். சாயங்காலம் அந்த கேம்ப்பில் ரிவர்ஸ் எடுத்தாய். நான் பின்னால் இடது பக்கம், சுதா வலது பக்கம். அந்தத் தைல மரத்துக் கிளை.

நான் "நில்லு" என்று சொல்லவில்லை.

கத்தினேன் என்று சொன்னேன், உன்னிடமும் எல்லாரிடமும். நான் கத்தவில்லை. கிளையை நான் பார்க்கவே இல்லை. அப்போதே கண்புரை இருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது காரணமில்லை. பக்கத்து இடத்தில் ஒரு சின்ன வெள்ளை கேரவன் நின்றது, அதன் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு என் வயசுக்காரர் ஒருவரும் அவர் மனைவியும். அவர் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுக்கிறார், அந்த அம்மாள் வாங்கிக் குடிக்கிறாள், இரண்டு பேரும் பேசிக்கொள்ளக்கூட இல்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரயில்வே பாஸ் வருஷா வருஷம் நம் வீட்டு அலமாரியில் காலாவதியானது உனக்குத் தெரியும். ஓவர்டைம், ஓவர்டைம் என்று உங்களை எங்கேயும் கூட்டிப் போகவில்லை, கொடைக்கானலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டுக் கேன்சல் செய்த கதை உனக்கு மறந்திருக்காது. அதை நினைத்துக்கொண்டு நின்றேனா, படாரென்று சத்தம். மேலே மூலை உடைந்து தொங்கியது. நீ இறங்கி ஓடி வந்தாய். "நில்லுனு கத்தினேனேடா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நீ சுதாவைப் பார்த்து, அப்பா கத்தினது உனக்குக் கேட்கலையா என்றாய். மாமா சொல்லவே இல்லை என்றாள் அந்தப் பெண். எங்க அப்பா பொய் சொல்வாரா என்று நீ கேட்டாய், அம்மா முன்னால், நிலா முன்னால். சுதா என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் கிளையைப் பார்த்தேன்.

அப்புறம் மூன்று நாள் அவள் நிலாவோடு மேல் பெர்த்தில் படுத்தாள், எல்லாரிடமும் அளந்து பேசினாள். டேமேஜுக்கு நீ கட்டின தொகையை இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. முப்பத்து நாலு வருஷம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஒரு திருகாணி குறைந்தாலும் குறைகிறது என்று எழுதிக் கொடுத்தவன் நான். 2018-ல் கடைசிப் பழைய டிசைன் பெட்டி வெளியே போனது, அதே வருஷம் நானும் வெளியே வந்தேன், என் கையெழுத்தின் மேல் ஒரு புகார் வந்ததில்லை. ஒரு மரக்கிளைக்கு என்னால் வாய் திறக்க முடியவில்லை.

ஒரு கிளையால் எதுவும் ஆகிவிடாது என்று எனக்கும் தெரியும். உங்கள் வீட்டு விஷயம் உங்களுக்கு. ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. இதை நீ அவளுக்குப் படித்துக் காட்டலாம். படித்துக் காட்டுகிற தூரத்தில் அவள் இருந்தால். வேலைக்குப் போயிருப்பாள் என்ற அர்த்தத்தில் சொல்கிறேன். இல்லாவிட்டால் அவள் நம்பரை அனுப்பு, நானே பேசுகிறேன். குடும்ப குரூப்பில் தேடினேன், இல்லை, போனை மாற்றினாளோ என்னவோ.

அன்றைக்கு நான் கத்தாத விஷயம் அம்மாவுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அம்பத்தூரிலிருந்து வரும் வழியில், "நான் கத்தினது கேட்டுச்சு இல்ல?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள்.

கரூர்காரர் இந்த மாதக் கடைசிக்குள் படம் கேட்கிறார். அளவு சரியாக வருகிறதா என்று பார்க்க மொட்டை மாடியில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்திருக்கிறேன், அடுப்பு, கழிவறை, ஐந்து பெர்த்தும். இன்று காலையில் அம்மா அதன் மேலேயே வேட்டியை விரித்து வடாம் பிழிந்தாள். எங்கள் பெர்த் இரண்டும் வடாம், மேஜைப் படுக்கை முழுக்க வடாம். முன்னால் இருக்கிற சின்ன பெர்த் மேல் மட்டும் போடவில்லை. இடம் போதாமல் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு பழைய புடவையை விரித்து மீதியைப் பிழிந்தாள்.

இரண்டு என்றால் சின்ன கேரவன் போதும், மாமாவிடம் சொல்லிவிடுகிறேன். மூன்று என்றாலும் சொல், அதற்குத் தகுந்த மாதிரி வரைகிறேன், ஏன் என்று கேட்க மாட்டேன். ஐந்து என்றால் கரூர். எண்ணை மட்டும் எழுதினால் போதும். கட்டை விரல் அனுப்பாதே.

அப்பா