பிள்ளைகள் கட்டிய லெவல்கள் யாருக்குச் சொந்தம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய விளையாட்டுகளைப் பற்றி நம் நாளிதழ்களில் வரும் செய்திகளில் பெரும்பாலானவை பணம் வைத்து ஆடும் சூதாட்டத்தைப் பற்றியவை, அல்லது பிள்ளைகள் மணிக்கணக்கில் திரையின் முன் உட்கார்ந்திருப்பதைப் பற்றியவை. இரண்டும் எழுதப்பட வேண்டியவையே. ஆனால், ஒரு நிறுவனம் தன் விளையாட்டை ஆட வரும் பிள்ளைகளையே புதிய லெவல்களைக் கட்டச் சொல்லி அழைத்து, அவர்கள் கட்டியதை இணையத்தில் இயங்கும் தன் கணினியான சர்வரில் மட்டுமே வைத்துக்கொண்டு, ஒரு நாள் அந்தச் சர்வரை நிறுத்தும்போது அத்தனையையும் அழித்துவிடும் வழக்கத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிப்பவள் என்ற முறையிலும், அப்படி அழிந்துபோன லெவல்களைக் கட்டிய ஒரு சிறுவனின் தாய் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

இவ்வகை விளையாட்டுகளை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். பாத்திரம் ஓடத் தொடங்கும் இடத்திலிருந்து கொடிக்கம்பத்தையோ கதவையோ சென்றடையும் வரையுள்ள ஒரு முழுப் பாதையே லெவல். எங்கே பள்ளம், எங்கே முள், எந்தப் பலகை நகர வேண்டும், எந்தப் பலகை மிதித்தவுடன் உடைய வேண்டும் என்பதையெல்லாம் விளையாட்டை உருவாக்கியவர்கள் தீர்மானிப்பதே வழக்கம். அந்த வேலையை ஆடுபவரிடமே ஒப்படைக்கும் எண்ணம் புதியதன்று. 1983-இல் வெளிவந்த 'லோடு ரன்னர்' தன் 150 லெவல்களோடு, சொந்தமாக லெவல் கட்டுவதற்கான எடிட்டரையும் சேர்த்தே தந்தது. அன்று கட்டியதை ஃப்ளாப்பி வட்டில் எழுதி நண்பரின் கையில் கொடுக்கலாம். இணையம் வந்த பிறகு உலகத்தின் மறுகோடியில் இருப்பவரும் அதை ஆட முடிகிறது. ஆனால் ஃப்ளாப்பி நம் மேசை இழுப்பறையில் இருந்தது, சர்வர் அப்படி இல்லை.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு ஆண்டுகளில் ஒரு விளையாட்டில் 11 லெவல்களைக் கட்டினான். தொடக்கத்தில் எனக்கு அதில் மதிப்பு எதுவும் இருக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு நாள் என்னுடைய கட்டம் போட்ட நோட்டைக் கேட்டு வாங்கிச் சென்றான். அந்தப் பாத்திரம் நின்ற இடத்திலிருந்து தாண்டினால் மூன்று கட்டம் கடக்கும், ஓடிவந்து தாண்டினால் ஐந்து கட்டம் கடக்கும் என்று அவனே சோதித்து அறிந்து, அதற்கேற்பப் பள்ளங்களைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தான். பிறகு எட்டு வயதுத் தங்கையை அழைத்து ஆடச் சொன்னான். அவள் திரும்பத் திரும்ப விழுந்தாள். அவன் ஒரு வார்த்தையும் சொல்லிக் கொடுக்காமல் பின்னால் உட்கார்ந்து, அவள் விழுந்த ஒவ்வொரு இடத்திலும் நோட்டில் ஒரு புள்ளி வைத்தான். பதினேழு புள்ளிகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் குவிந்த பிறகு, ஒரு முள்ளை மட்டும் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்தினான். அதற்கடுத்த முறை அவள் தாண்டிவிட்டாள். வரைபடத்தாளில் புள்ளிகளைக் குறிக்கப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வரும் எனக்கு, எதற்காகக் குறிக்கிறோம் என்று தெரிந்தே ஒரு பிள்ளை புள்ளி வைத்ததைப் பார்த்தது அதுவே முதல் முறை.

இந்த வகை விளையாட்டுகளில் மிகப் புகழ்பெற்றது நிண்டெண்டோ நிறுவனம் 2015 செப்டம்பரில் 'வீ யூ' என்னும் தன் விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்ட 'சூப்பர் மேரியோ மேக்கர்'. 2016 மே மாதத்துக்குள் 70 லட்சத்துக்கும் அதிகமான லெவல்கள் அதில் பதிவேற்றப்பட்டிருந்தன. அதில் ஒரு விதி உண்டு. லெவலைக் கட்டியவர் அதைத் தொடக்கம் முதல் இறுதி வரை தானே ஒரு முறை ஆடி முடித்துக் காட்டினால்தான் பிறருக்காகப் பதிவேற்ற முடியும். பிரான்சில் உருவான 'டிராக்மேனியா' என்னும் கார்ப் பந்தய விளையாட்டிலும் தடத்தை அமைத்தவர் முதலில் தாமே ஓட்டி முடிக்க வேண்டும். வினாத்தாள் தயாரிப்பவர் ஒவ்வொரு கணக்கையும் தாமே போட்டுப் பார்த்த பிறகுதான் தாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்று என் மூத்த ஆசிரியர் ஒருவர் வலியுறுத்துவார். அதே ஒழுக்கத்தை ஒரு விளையாட்டு பத்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்டது, பிள்ளைகளும் கேட்டபடி நடந்துகொண்டார்கள் என்பதைப் பெரிய விஷயமாகவே கருதுகிறேன்.

சூப்பர் மேரியோ மேக்கரில் 2021 மார்ச் 31-உடன் புதிய லெவல்களைப் பதிவேற்றுவது நின்றது. 2024 ஏப்ரல் 8 அன்று அந்தக் கருவிக்கான இணையச் சேவையும் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, கட்டியவரைத் தவிர வேறு எவராலும் முடிக்கப்படாமல் கிடந்த லெவல்களையெல்லாம் தேடிப்பிடித்து ஆடி முடிக்கத் தன்னார்வக் குழு ஒன்று இறங்கியது. எங்கோ ஒருவர் உழைத்துக் கட்டிய பாதையில் இன்னொருவர் ஒரு முறையாவது நடந்துவிட வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். 2024 மார்ச் மாதத்தில் அதை நிறைவேற்றியும் விட்டார்கள். கடைசியாக மிஞ்சிய சிலவற்றுள் ஒன்று, மனிதக் கையால் அன்றி மென்பொருள் உதவியால் முடித்துக் காட்டிப் பதிவேற்றப்பட்டது என்று அதைக் கட்டியவரே ஒப்புக்கொண்டார்; அவ்வளவு கடினமாக இருந்த ஒன்றையும் விடாமல் முயன்றுகொண்டிருந்தார்கள். நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். சேவை நிற்கப்போவதை நிண்டெண்டோ ஆறு மாதங்களுக்கு முன்பே அறிவித்தது. தத்தம் கருவியில் சேமித்துக்கொண்டவர்களின் லெவல்கள் அந்தக் கருவியில் இன்றும் இருக்கின்றன.

எல்லா இடத்திலும் அந்த அளவுக்குக்கூட நடப்பதில்லை. இங்கிலாந்தின் மீடியா மாலிக்யூல் நிறுவனம் 2008-இல் உருவாக்கிய 'லிட்டில் பிக் பிளானட்', ஆடு, உருவாக்கு, பகிர் என்ற முழக்கத்தோடுதான் வெளிவந்தது. பிளேஸ்டேஷன் 3 என்னும் விளையாட்டுக் கருவிக்கான அதன் சர்வர்கள் 2021-இல் நிறுத்தப்பட்டன. மூன்றாம் பாகத்தின் பிளேஸ்டேஷன் 4 சர்வர்கள் 2024 ஜனவரியில் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி நிறுத்தப்பட்டு, ஏப்ரலில் இனித் திறக்கப்போவதில்லை என்ற அளவில் அறிவிப்பு வந்தது. சேவை இருந்த கடைசி நாள் அதுதான் என்று அறிந்து தன் லெவலைச் சேமித்துக்கொள்ளும் வாய்ப்பு அங்கே எவருக்கும் கிடைக்கவில்லை.

என் மகன் லெவல்கள் கட்டிய விளையாட்டிலும் ஏறத்தாழ இதுவே நடந்தது. மூன்று வாரங்களில் மூடப்போவதாக ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு, விளையாட்டைத் திறந்தால் மட்டுமே தெரியும்படி வந்திருக்கிறது. அப்போது அரையாண்டுத் தேர்வு. நான்தான் அவனுடைய டேப்லட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். கடைசித் தேர்வு முடிந்த மாலை அவன் திறந்தபோது, சர்வருடன் இணைக்க இயலவில்லை என்ற வரி மட்டுமே வந்தது. கேபிளைப் பிடுங்கி மாட்டினான், ரூட்டரை அணைத்துப் போட்டான், என் செல்போனில் முயன்று பார்த்தான். அவன் என்மேல் கோபப்படவில்லை. எனக்குத்தான் இன்றுவரை மனம் ஆறவில்லை.

என் தாயாரின் கோல நோட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர் வாசலில் போட்ட கோலங்கள் மறுநாள் காலையில் பெருக்கித் தள்ளப்பட்டவையே. அதற்காக யாரும் வருந்தியதில்லை, ஏனென்றால் புள்ளிக் கணக்கும் இழை செல்லும் வழியும் நோட்டில் பத்திரமாக இருந்தன. ஒரு விளையாட்டு மூடப்படுவதையும் நான் அப்படியே ஏற்றுக்கொள்வேன். வாசல் அவர்களுடையது, எத்தனை நாள் திறந்து வைப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஆனால் நோட்டையும் அவர்களே வைத்துக்கொண்டு, வாசலைப் பெருக்கும்போது அதையும் சேர்த்து எரித்துவிடுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

தொழில்நுட்பக் காரணம் இருக்குமோ என்றால் அதுவும் இல்லை. 1993-இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட 'டூம்' விளையாட்டில் லெவல்களின் தரவுகள் விளையாட்டின் நிரலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைக்கப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டிலேயே ரசிகர்கள் தாங்களே எடிட்டர் எழுதி, புதிய லெவல்களைக் கட்டித் தனிக் கோப்புகளாகப் பகிர்ந்தார்கள். அந்தக் கோப்பில் சுவர்கள் சந்திக்கும் புள்ளிகளும், கோடுகளும், பொருள்கள் நிற்கும் இடங்களும் இருந்தால் போதும். படங்களும் ஒலிகளும் ஆடுபவர் விலைகொடுத்து வாங்கிய விளையாட்டிலிருந்தே வந்துவிடும். இலவசப் பதிப்பில் இவை ஓடக் கூடாது என்று மட்டும் நிறுவனம் கேட்டுக்கொண்டது. அதனால் அதன் விற்பனைக்கும் குறைவு வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் மாணவர்கள் கட்டிய டூம் லெவல்களை இன்றைய கணினியில் ஆட முடிகிறது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் ரோமெரோவே 2019-இல் அதற்குப் புதிய லெவல்களைக் கட்டி இலவசமாக வெளியிட்டார். ஒரு லெவலின் தரவு பெரும்பாலும் நாம் செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது. அதைக் கட்டியவருக்கு ஒரு கோப்பாகக் கொடுப்பதில் எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவு இருக்க முடியாது.

உரிமை என்று வரும்போது போக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டில் ரசிகர்கள் கட்டிய ஒரு வரைபடமே, அதாவது ஒரு லெவலே, 'டோட்டா' ஆகி, பின்னர் உலகப் போட்டிகள் நடக்கும் தனி விளையாட்டாக வளர்ந்தது. 2020-இல் வார்கிராஃப்ட் 3-இன் மறுபதிப்பு வந்த வேளையில், ஆடுபவர்கள் உருவாக்கும் எதுவும் அதை வெளியிட்ட பிளிசார்டு நிறுவனத்துக்கே சொந்தம் என்று விதிமுறைகள் கூறின. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இத்தகைய விதிமுறைகளைப் படித்துப் புரிந்துதான் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்துகிறான் என்று எவரும் நம்ப முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகள், ஒருவர் தாம் அளித்த தரவுகளைக் கணினியில் பயன்படுத்தத்தக்க வடிவில் திரும்பப் பெறும் உரிமையைத் தருகின்றன. விலைக்கு வாங்கிய விளையாட்டுகளை நிறுவனங்கள் பயனற்றதாக்குவதை எதிர்த்து அங்கே எழுந்த குடிமக்கள் கோரிக்கை, 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைக் கடந்தது. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்பு மசோதாவில் தரவைத் திரும்பப் பெறும் உரிமை இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. 2025 ஆகஸ்ட்டில் வந்த இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்து, பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் உதவும் விளையாட்டுகளை ஊக்குவிப்பதாகக் கூறுகிறது. ஊக்குவிப்பது உண்மையானால், ஆடுபவர்களை லெவல் கட்ட அழைக்கும் எந்த நிறுவனமும் அவர்கள் கட்டியதை எந்நேரமும் கோப்பாகப் பதிவிறக்கிக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்றும், சேவையை மூடுவதற்குக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன் பெற்றோரின் மின்னஞ்சலுக்கும் தகவல் அனுப்ப வேண்டும் என்றும் மத்திய அரசு விதி வகுக்க வேண்டும். தங்கள் நாளிதழ் இதைத் தலையங்கத்தில் எடுத்துரைத்தால், பிள்ளைகள் சார்பில் பேச ஒரு குரல் கிடைக்கும்.

அழிந்த 11 லெவல்களில் நான்குக்கு மட்டுமே கட்டம் போட்ட நோட்டில் பக்கங்கள் இருக்கின்றன. கட்டுவதைக் கோப்பாகச் சேமித்துத் தரும் வேறொரு விளையாட்டில் அவற்றை இப்போது மறுபடியும் கட்டிக்கொண்டிருக்கிறான். தங்கை விழுந்த இடத்தில் பதினேழு புள்ளிகள் உள்ள பக்கம் அந்த நான்கில் இருக்கிறது. மீதி ஏழையும் நினைவிலிருந்து வரைந்து பார்த்தான். இரண்டாவதைத் தாண்டி வரவில்லை.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.