சிவத்துக்கு ஒரு பதில்

மெல்பேர்ண்

அன்புள்ள சிவம்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. கண் ஒப்பரேஷன் முடிந்த கையோடு நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், கவனமாக இரு. வளவில் நின்ற கறுத்தக்கொழும்பான் மா இந்த முறை நன்றாகக் காய்த்தது என்று வாசித்ததும் வாயூறிவிட்டது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மகளுக்கு ஆவணியில் பிள்ளை பிறக்கும்.

உன் கடிதத்தில் ஒரு வரி மட்டும் மனதில் குத்திக்கொண்டே இருக்கிறது. "சண்டை முடிந்து இவ்வளவு காலம், நீதிமன்றமும் இல்லையென்று சொல்லிவிட்டது, இனிப் படகில் அவுஸ்திரேலியா போய் அகதி கேட்டவர்களைத் திருப்பி அனுப்பினால் என்ன பிழை?" என்று கேட்டிருந்தாய். நீ வன்மத்தில் கேட்கவில்லை என்று தெரியும். காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்காரனிடம் கொடுத்து மோசம்போனவர்களைக் கண்ணால் கண்டவன் நீ. ஆனால் அந்த "நீதிமன்றம் சொல்லிவிட்டது" என்பதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும்.

பிலோயலாக் குடும்பம் ஞாபகம் இருக்கிறதா? பிரிஸ்பேனிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் உள்ளே ஒரு சின்ன ஊர். நம்முடைய ஆட்கள், கணவனும் மனைவியும் வெவ்வேறு படகில் வந்து இங்கே கல்யாணம் முடித்தவர்கள். அவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. 2018 மார்ச்சில் ஒரு விடியப்புறம் அதிகாரிகள் கதவைத் தட்டி, இரண்டு கைக்குழந்தைகளோடு அள்ளிக்கொண்டு போனார்கள். மனைவியின் வீசா முடிந்தது முதல்நாள்தான். 2019 ஆகஸ்டில் இரவோடிரவாக விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே ஒரு நீதிபதி தொலைபேசியில் தடையுத்தரவு கொடுக்க, டார்வினில் இறக்க வேண்டி வந்தது. பிறகு கிறிஸ்மஸ் தீவில் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைய அடைத்து வைத்தார்கள். சின்னவளுக்கு இரத்தத்தில் கிருமி பரவி 2021 ஜூனில் பேர்த் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன படம் வந்தபோதுதான் நாடே விழித்தது. அடுத்த வருடம் ஆட்சி மாறியது. 2022 ஜூன் 10 அன்று ஊர் திரும்பினார்கள். இரண்டு நாள் கழித்துச் சின்னவளுக்கு ஐந்து வயது. தடுப்புக்கு வெளியே அவள் கண்ட முதல் பிறந்தநாள் அதுதான் சிவம்.

அவர்களுடைய கோரிக்கையையும் உயர்நீதிமன்றம் வரை தள்ளித்தான் விட்டார்கள். கடைசியில் நிரந்தர வீசா கொடுத்தது நீதிமன்றம் அல்ல, அமைச்சரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்காக நாலு வருடம் ஓயாமல் நின்றது அந்த ஊர்ச் சனம். பெரும்பாலும் வெள்ளைக்காரர் இருக்கிற ஊர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என்றுதான் நின்றார்கள். அதே நேரம் இங்கே வீசாவோடு பிளேனில் வந்திறங்கிய நம்மவர்கள் சிலர் "கப்பல்காரர்" என்று முகத்தைச் சுளித்ததை நான் காதால் கேட்டேன். அந்த இடத்தில் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்ததுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

அப்புறம், இந்த நீதிமன்றங்கள் அகதிக் கேஸில் பார்ப்பது சட்டப்படி விசாரித்தார்களா என்பதை மட்டும்தான். வந்தவனுக்கு உயிருக்குப் பயம் உண்டா இல்லையா என்பதற்குள் போவதில்லை. 2014 கடைசியில் படகில் வந்தவர்களுக்கென்று அவசர முறை ஒன்று கொண்டுவந்தார்கள். அதில் மேன்முறையீடு என்றால் பெரும்பாலும் ஆளைக் கூப்பிடாமல் கடதாசியைப் பார்த்து முடித்தார்கள். புதுச் சாட்சியம் கொடுப்பதும் லேசாக இருக்கவில்லை.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருத்தன் கோப்பாய்ப் பக்கம். 2013 தொடக்கத்தில் வந்தவன். தமையனை 2008இல் வெள்ளை வான் வண்டியில் கடத்திக்கொண்டுபோனார்கள். எப்போது என்று கேட்டதற்கு, "நல்லூர்த் தேர் முடிந்த மறுகிழமை" என்றிருக்கிறான். நாம் எல்லோரும் அப்படித்தானே சொல்வோம்? முதல் விசாரணையில் அதை "ஆகஸ்ட்" என்று பதிந்துவிட்டார்கள். பிறகு இவன் கலண்டர் பார்த்து "செப்டம்பர்" என்று எழுதிக் கொடுத்தான். முன்னுக்குப்பின் முரண், நம்ப முடியாது என்று தள்ளிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை நானே வாசித்துத் தமிழில் சொன்னேன். சத்தம் போடாமல் கேட்டுவிட்டு, "தேர் ஓகஸ்ட் கடைசியில்தானே அண்ணை வந்தது?" என்று மட்டும் கேட்டான்.

2023இல் தற்காலிக வீசாவில் இருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர வழி திறந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இவனைப்போல் தள்ளப்பட்டவர்கள் அதில் அடங்கவில்லை. ஆறு மாதம், மூன்று மாதம் என்று பிரிட்ஜிங் என்கிற இடைக்கால வீசாவில் காலம் போகிறது. 2024 ஆகஸ்டில், பன்னிரண்டு வயதில் படகில் வந்த ஒரு பொடியன் இருபத்துமூன்று வயதில் இங்கே உயிரை மாய்த்துக்கொண்டான். இந்தத் தம்பியையும் நான் கிழமைக்கு இரண்டு தரம் போய்ப் பார்க்கிறேன்.

அமைச்சருக்கு ஒரு விண்ணப்பம் எழுதப் போகிறோம். அதற்கு உன் உதவி வேண்டும். தமையனைப் பற்றி அவன் அம்மா அந்தக் காலத்தில் மனித உரிமை ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தவ. அந்தத் துண்டு ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். ஒரு பிரதி எடுத்து அனுப்புவாயா? விலாசத்தைத் தனியாக எழுதியிருக்கிறேன். அம்மாவுக்குக் காது மந்தம், டெலிபோனில் சரிவராது. பின்னேரம் நேரில் போ. மகன் சுகமாக இருக்கிறான், சாப்பிடுகிறான் என்று முதலில் சொல்லிவிட்டுக் கடதாசியைக் கேள்.

உன்
ரவி