காரில் பினாங்கு வரும் கோலாலம்பூர் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி விடுமுறைக்கும் தைப்பூசத்துக்கும் 350 கிலோமீட்டர் கார் ஓட்டி வருபவர்களே, வணக்கம்.

நீங்கள் வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். வந்ததும் காரை நேராக ஜார்ஜ்டவுனுக்குள் விடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். லெபோ பாசார், லெபோ குவீன் பக்கமெல்லாம் கார் பிறக்கும் முன்பே போட்ட தெருக்கள். பலவும் ஒருவழி. ஒரு திருப்பம் தவறினால் திரும்பவும் முழுச் சுற்று. மாரியம்மன் கோயில் வாசலில் 'ஐந்து நிமிடம்தான்' என்று இரட்டை வரிசையில் நிறுத்தினால், பின்னால் தெருவே நின்றுவிடுகிறது.

நகரத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கார் வேண்டியது பினாங்குத் தீவின் பின்பக்கத்துக்குத்தான்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில், முதல் பாலத்துக்குப் போகும் வழியிலுள்ள ஜூரு வரை போக வேண்டாம். அதற்கு முன்பே பத்து காவானில் இறங்கி இரண்டாம் பாலம் ஏறுங்கள். 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் பாலம் அது. விழாக்காலத்தில் ஜூரு நெரிசலில் கழியும் நேரத்தோடு ஒப்பிட்டால் இந்தச் சுற்று ஒன்றுமேயில்லை. டோல் தீவுக்கு வரும்போது மட்டும்தான். டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று கிளம்பும்முன் பார்த்துவிடுங்கள். பழைய நினைப்பில் பட்டர்வொர்த் ஃபெரிக்குக் காரோடு போகிறவர்கள் இன்னும் உண்டு. 2021 முதல் அதில் கார் ஏறாது.

பாலம் இறங்குமிடம் பத்து மாவோங். பாயான் லெப்பாசில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு, தெலுக் கும்பார் வழியாக பாலிக் புலாவ் போங்கள். பகலுணவுக்கு லக்சா: புளிப்பு பிடித்தால் அசாம், தேங்காய்ப்பால் பிடித்தால் சியாம். பிறகு மலைப்பாதையில் தெலுக் பஹாங், அங்கிருந்து பத்து பெரிங்கி, கடைசியில் நகரம். இந்தத் திசையில் வந்தால் கடல் உங்கள் இடப்பக்கம். படம் எடுக்க ஒதுங்கும்போது எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை. எதிர்த்திசையில் வருபவர்கள் வளைவில் வலப்பக்கம் பாய்வதைப் பார்த்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

மலைப்பாதையில் கவனம். தெலுக் பஹாங் அணைக்கட்டை நோக்கி இறங்கும்போது ஆட்டோ கியர் வண்டிக்காரர்கள் 'டி'யிலேயே விட்டு பிரேக்கை விடாமல் மிதிக்கிறார்கள். ஏழு பேர், பெட்டி படுக்கை எல்லாம் ஏற்றிய வண்டியில் பிரேக் சூடேறிக் கருகல் வாடை வரும். மிதி இருக்கும், பிடி இருக்காது. கியரை 2 அல்லது 'எல்'லுக்கு இறக்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வாடை வந்துவிட்டால் ஓரம் கட்டி ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். விடுமுறை நாள் காலையில் இந்தப் பாதையில் சைக்கிள்காரர்கள் நிறைய. டுரியான் காலமென்றால் சாலையோரக் கடைகளுக்காக முன்வண்டி திடீரென்று நிற்கும். இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

நகரத்துக்கு வந்ததும் கொம்தார் கோபுரக் கட்டடத்தின் பக்கம் ஏதாவது ஓர் அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிடுங்கள். கூரையில் பெட்டி கட்டிய வண்டி என்றால் நுழைவாயிலில் உயர வரம்பைப் படித்துவிட்டு நுழையுங்கள். தெருவில்தான் நிறுத்துவீர்கள் என்றால் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலியை வீட்டிலேயே பதிவிறக்கி, கார் எண்ணைப் பதிந்து வாருங்கள். இரவல் காரில் வந்து பழைய எண்ணுக்கே பணம் கட்டினால், கட்டியும் சம்மன்தான். கொம்தாருக்கும் படகுத்துறைக்கும் இடையே கேட் (CAT) பேருந்து இலவசம். கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) 204 பேருந்து அடிவார நிலையம் வரை போகிறது. காரில் போனாலும் மேலே கேபிள் ரயில்தான். கீழே நிறுத்த இடம் தேடுவதுதான் மிச்சம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வருபவர்களுக்குத் தனியாக ஒன்று. ஜாலான் கெபுன் புங்காவும் அதைச் சுற்றிய சாலைகளும் மூடப்படும். தாத்தா பாட்டியைக் கோயில் வாசலில் இறக்கிவிடலாம் என்று எண்ணி வராதீர்கள். மலைமேல் முருகனைப் பார்க்க 513 படிகள் வேறு. நடக்க முடியாதவர்களை முதல் நாளே அழைத்து வந்து, பக்கத்திலேயே தங்க வையுங்கள்.

திரும்பும்போதும் இரண்டாம் பாலமே. தீவுப் பக்கம் டோல் கிடையாது. ஜூருவுக்குத் தெற்கே நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் பசியாறியதும் கிளம்புங்கள்.

இப்படிக்கு,
பினாங்கில் வண்டி ஓட்டுவோர் சிலர்